பூதம் தின்ற பேச்சு

பாட்டில் ஆலைக்குள் காலெடுத்து வைத்தால் வாய்க்கு அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். கத்திப் பார்க்கலாம், தொண்டை கிழிவதுதான் மிச்சம். கண்ணாடிப் பாட்டில்கள் பெல்ட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருகிற சத்தம் ஒரு பக்கம், கழுவும் இயந்திரத்தின் சீறல் ஒரு பக்கம், மூடி அழுத்தும் இயந்திரத்தின் டக்டக் ஒரு பக்கம். பக்கத்தில் நிற்பவள் "ஐயோ" என்று அலறினாலும் காதில் விழாது. அதனால் அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் கையால்தான் பேசினார்கள்.

இந்தக் கைப்பேச்சை யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குச் சேரும்போதே அது அங்கே இருந்தது. சேர்ந்த இரண்டாம் வாரம் அது உங்கள் கைக்கும் வந்துவிடும். உள்ளங்கையை விரித்து நீட்டினால் 'நிறுத்து'. கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தால் 'இயந்திரம் தூங்குகிறது, மெக்கானிக்கைக் கூப்பிடு'. கட்டைவிரலை வாய்ப்பக்கம் கவிழ்த்தால் டீ. மீசையை முறுக்கினால் 'மேற்பார்வையாளர் வருகிறார், உஷார்'. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போதைய மேற்பார்வையாளர் ஒரு பெண்மணி. அவருக்கு முன்னால் இருந்தவருக்கும் மீசை கிடையாது. எந்தக் காலத்து மீசையோ, அதன் சொந்தக்காரர் ஓய்வு பெற்றும் மீசை மட்டும் ஓய்வு பெறாமல் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளுக்கே இது தெரியும். "நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லு" என்பதற்கு அவரும் இல்லாத மீசையைத்தான் முறுக்குவார்.

மூடி அழுத்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவளுக்கு மூடியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, அவ்வளவுதான். புருஷன், பெண் குழந்தை தவழ்கிற நாளிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆலைக்குப் பின்தெருவில் மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு ஜன்னல். அதில் அவளும் மகள் சிட்டுவும்.

சிட்டுவுக்குக் காது கேட்காது. பின்னாலே தட்டு விழுந்து உருண்டாலும் திரும்பாத குழந்தை என்று தெரிந்தபோது மூடியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுதாள். டாக்டர்களிடம் ஓடினாள். அப்புறம் ஒருநாள் கொதிக்கிற பாத்திரத்தை நோக்கித் தவழ்ந்து போன குழந்தையைப் பார்த்து, ஆலையில் செய்கிற பழக்கத்தில், உள்ளங்கையை விரித்து நீட்டினாள். குழந்தை சட்டென்று நின்றது. நின்று, தன் பொடிக் கையையும் அதேபோல நீட்டிப் பார்த்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பெல்ட்டுக்குச் சொல்கிற பேச்சையெல்லாம் குழந்தைக்குச் சொன்னாள். வா, போ, நிறுத்து, காலி, நிரப்பு, சூடு, டீ. இருந்ததைத்தானே கொடுக்க முடியும்?

ஆனால் அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மற்ற வீட்டு அம்மாக்கள் குழந்தைக்கு நிலாவைக் காட்டிக் கதை சொல்கிறார்கள். நான் என் பெண்ணுக்கு மூடி மாட்டிக்கொண்டதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாலையில் சிட்டு பள்ளியிலிருந்து வந்ததும் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கைகளை மெல்ல மெல்ல அசைப்பாள்: 'அம்மா. பசி. சோறு. நல்லா இருக்கு. தூக்கம்.' ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவுதானா பேச்சு? ஒரு சினம், ஒரு சந்தேகம், ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாமல் வளர்கிறதே என்று மூடியக்கா பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்று அழுவாள்.

பள்ளி என்றால் பெரிய பள்ளி இல்லை. பொது நூலகத்துக்குப் பின்னால், பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, காது கேளாத குழந்தைகளுக்காக ஒரு டீச்சர் நடத்தினாள். முதன்முதலில் சேர்ந்தது சிட்டுதான். அப்புறம் ஒன்றிரண்டாகச் சேர்ந்து ஒரு டஜனுக்குக் கிட்டே வந்துவிட்டார்கள். மூடியக்கா உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. காலையில் வாசலில் விட்டுவிட்டு ஷிப்ட்டுக்கு ஓடுவாள். சாயங்காலம் சிட்டு தானாக நடந்து வீட்டுக்கு வந்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் மூடியக்காவின் அண்ணன் ஒரு செய்தியோடு வந்தான். கூரியர் ஆபீசில் வேலை. நல்லவன். தங்கை என்றால் உயிர். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் உலக்கையை விழுங்கினவன்தான், வளைய மாட்டான்.

"பெரிய பட்டணத்துல ஒரு ஸ்கூல் இருக்கு," என்றான். "தங்கிப் படிக்கணும். வாயசைவைப் பார்த்துப் புரிஞ்சுக்கவும், வாயாலேயே பேசவும் கத்துக் குடுக்கிறாங்க. இடம் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. எனக்குத் தெரிஞ்சவர் மூலமா வாங்கிட்டேன்."

"ஒன்பது வயசுப் பொண்ணுண்ணே. தனியா எப்படி இருக்கும்?"

"கையை ஆட்டிக்கிட்டே காலம் தள்ளிட முடியுமா? நாளைக்கு ஒரு பாங்குக்குப் போறா, ஒரு ஆஸ்பத்திரிக்குப் போறா. அங்கே உட்கார்ந்திருக்கிறவன் எல்லாம் உன் பாட்டில் ஆலையிலயா வேலை பார்த்தான்?"

அந்தப் பள்ளியில் ஒரு விதி இருந்தது: குழந்தைகள் கையால் பேசக் கூடாது. கை சும்மா இருந்தால்தான் வாய் வேலை செய்யுமாம். வகுப்பிலும் சாப்பாட்டு மேஜையிலும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அந்தப் பள்ளியின் புத்தகத்திலிருந்து அண்ணன் அதைப் படித்துக் காட்டியபோது மூடியக்கா தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆனாலும் தலையாட்டினாள். கையில் என்ன பெரிய பொக்கிஷம் இருக்கிறது, நாலு ஆலைச் சைகை. அதைக் கட்டிப் போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கஷ்டம் எங்கே வந்தது என்றால், இதைச் சிட்டுவிடம் சொல்ல வேண்டிய இடத்தில் வந்தது. பையைக் காட்டினாள். பஸ் ஓட்டுவதுபோல் காட்டினாள். தூரமாகக் கையை நீட்டினாள். அதற்கு மேல் ஆலையின் பேச்சு கைகொடுக்கவில்லை. 'உன் நல்லதுக்காக' என்று ஒரு பெல்ட்டிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? 'லீவுக்கு வந்துவிடுவாய்' என்பதற்கு என்ன செய்வது? 'நான் உன்னைத் தள்ளிவிடவில்லையடி' என்பதற்கு? மூடியக்கா கையை உயர்த்துவாள், பாதியில் அப்படியே இறக்கிவிடுவாள். சிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு மெதுவாக 'சரி' என்று தலையாட்டுவாள். என்ன புரிந்ததோ, எது சரியோ, யாருக்குத் தெரியும்.

கிளம்புகிற நாளும் வந்தது. அண்ணன் ஒரு வாடகைக் கார் பேசிக்கொண்டு வந்தான். மூடியக்கா ஷிப்ட்டுக்கு லீவு சொல்லியிருந்தாள். "கிளாஸுக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வந்துடறேன். டீச்சரை விட்டு அவளுக்கு விளக்கிச் சொல்லச் சொல்லணும். விஷயம் தெரியாம ஏத்திட்டுப் போனா, பெத்தவளே தூக்கிப் போட்டுட்டான்னு நினைச்சுடும் பிள்ளை," என்றாள்.

"சீக்கிரம் வா. டிரைவர் இப்பவே முணுமுணுக்கிறான்," என்றான் அண்ணன். நூலக வாசலில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான்.

கதவு திறந்துதான் கிடந்தது. மூடியக்கா வாசலில் நின்றாள். ஒருவரும் திரும்பவில்லை, திரும்பக் காது வேண்டுமே. குழந்தைகள் தரையில் வளைந்து உட்கார்ந்திருந்தார்கள். நாலு வயது, ஐந்து வயதுப் பொடிசுகள் முன்னால்; பெரியவர்கள் பின்னால். நடுவே முட்டி போட்டுக்கொண்டு சிட்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதைச் 'சொல்லிக்கொண்டிருந்தாள்' என்று எழுதிவிடலாம். ஆனால் மூடியக்கா பார்த்தது அவளுக்குத் தெரிந்த எதுவும் இல்லை. மகளின் கைகள் பறந்தன. புருவம் ஏறியது, இறங்கியது. தோள் ஒரு பக்கம் சாய்ந்தது, உதடு சுழித்தது, கண் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு இன்னோர் இடத்துக்குத் தாவியது. ஒரு சைகை முடிவதற்குள் அடுத்தது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. குழந்தைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். திடீரென்று எல்லாரும் ஒரே நேரத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மூடியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் 'சோறு, தூக்கம்' என்று தட்டுத்தடுமாறிச் சொல்கிற பிள்ளையா இது?

ஓரமாக நின்றிருந்த டீச்சர் அவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். சின்ன வயது, சுருட்டை முடி, கண்ணுக்குக் கீழே தூக்கம் போதாத கருமை.

"வாங்கக்கா, கரெக்டா வந்தீங்க," என்று கிசுகிசுத்தாள். கிசுகிசுத்த பிறகுதான், இங்கே யாருக்குக் கேட்டுவிடப் போகிறது என்று தோன்றி இருவருக்குமே சிரிப்பு வந்தது.

"என்ன பண்றா இவ?"

"கதை சொல்றா. வாரத்துக்கு ஒரு தடவை சொல்லியே ஆகணும், பொடிசுங்க விடாது. எனக்கே முழுசாப் புரியாதுக்கா. முக்கால்வாசி பிடிப்பேன். நான் பயிற்சியில படிச்ச சைகை வேற. இது இவங்களா பண்ணிக்கிட்டது. நான் ஒரு பக்கம் கத்துக்கிட்டு வர்றதுக்குள்ள இன்னொரு பக்கம் வளர்ந்துடுது."

"இவங்களாவா? யாரு சொல்லிக் குடுத்தது?"

டீச்சர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஆரம்பம் உங்ககிட்டேயிருந்துதானே வந்திருக்கு? சிட்டு முதல் நாள் வரும்போதே கை நிறைய வார்த்தையோட வந்தா. அப்புறம் வந்ததுங்க ஒவ்வொண்ணும் வீட்ல ஏதாவது ரெண்டு மூணு சைகை வெச்சிருந்துச்சு. எல்லாம் சிட்டுவோடதுல வந்து ஒட்டிக்கிச்சு. முதல் வருஷம் சும்மா வார்த்தை வார்த்தையாத்தான் பேசினாங்க. இப்போ பாருங்க, அந்தக் குட்டிங்க இருக்கே முன்னாடி, அதுங்க சிட்டுவையே தூக்கிச் சாப்பிட்டுடும்."

சொல்லிவிட்டு, சிட்டுவின் கைகளைப் பார்த்தபடியே டீச்சர் வாயால் சொல்லத் தொடங்கினாள். அங்கங்கே திணறினாள், விட்டுவிட்டுப் பிடித்தாள். ஆனாலும் கதை வந்தது.

"ரொம்ப ரொம்ப நாளுக்கு முன்னாடி எல்லாரும் வாயாலதான் பேசினாங்களாம். கை சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சாம். அப்போ ஒரு பெரிய வீட்டுக்குள்ள பூதம் ஒண்ணு வந்து உட்கார்ந்துச்சு. அது மூச்சு விட்டா தரை ஆடும், சுவர் ஆடும். அதுக்குச் சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம். பேச்சுதான் வேணும். யாரு வாயைத் திறந்தாலும் பேச்சு வெளியே வர்றதுக்குள்ள பிடிச்சுத் தின்னுடும்."

பூதத்தைச் சிட்டு தன் இடப்பக்கம் உட்கார வைத்திருந்தாள். ஒருமுறை அங்கே பூதம் என்று காட்டியதோடு சரி; அப்புறம் அந்தப் பக்கம் கண்ணை ஓட்டினாலே போதும், பொடிசுகள் அங்கே பார்த்து நடுங்கின. வலப்பக்கம் சில பெண்கள் நின்றார்கள். அவர்களும் வெறும் காற்றில்தான். சிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் பூதம். அந்தப் பக்கம் திரும்பினால் வாயைத் திறந்து திறந்து மூடுகிற பெண்கள். வெறும் காற்றில் ஓர் ஆலையே நின்றுகொண்டிருந்தது. மூடியக்கா மூக்கின் மேல் விரல் வைத்தாள். பெல்ட்டில் மூடி மாட்டிக்கொண்டதைச் சொல்வதற்கு இருந்த சைகையா இது?

"பூதத்துக்கு ஒரு காவல்காரன்," என்றாள் டீச்சர். அந்த இடத்தில் சிட்டு மீசையை முறுக்கினாள்.

"அது எங்க மேற்பார்வையாளர்!" என்று மூடியக்கா கத்தியே விட்டாள்.

"ஓ, அங்கேயிருந்து வந்ததா? இவங்களுக்கு இது அதிகாரம் பண்றதுன்னு அர்த்தம். டாக்டர் மீசை, போலீஸ் மீசை. நான் வீட்டுப்பாடம் குடுத்தா எனக்கும் மீசைதான்."

கதை மேலே போனது. "எல்லாரும் அழுதாங்களாம். ஒருத்தி மட்டும் அழலை. நேரா போய்ப் பூதத்தோட வாய்க்குள்ள கையை விட்டா. தின்ன பேச்சையெல்லாம் அள்ளிப் பிடிச்சு இழுத்தா. பூதம் கடிச்சுது. விட மாட்டேன்னா. விரல் ஒண்ணு வளைஞ்சு போச்சு. ஆனா கை நிறைய பேச்சு வெளியே வந்துடுச்சு. அன்னையிலேருந்து பேச்சு கையிலதான் இருக்கு. அதனாலதான் நாம 'நிறுத்து'ன்னு சொல்லும்போது இப்படி வளைக்கிறோம்."

சிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நான்கு விரல்கள் நேராக நின்றன. மோதிர விரல் மட்டும் நடுவில் மடங்கி நின்றது. உடனே எல்லாக் குழந்தைகளும் கையை நீட்டினார்கள். எல்லாக் கையிலும் மோதிர விரல் மடங்கியிருந்தது. நாலு வயதுப் பொடிசு ஒன்றுக்கு விரல் தானாக மடங்கவில்லை. இன்னொரு கையால் அதைப் பிடித்து மடக்கி வைத்துக்கொண்டது.

"இதைத்தான் உங்ககிட்ட கேட்கணும்னு இருந்தேன்," என்றாள் டீச்சர். "ஏன் அந்த விரல் மட்டும்? போன மாசம் சேர்ந்த பிள்ளை ஒண்ணு நேரா வெச்சு நீட்டிச்சு. எல்லாருமா விழுந்து திருத்தினாங்க. நேரா வெச்சா அது வேற வார்த்தையாம். 'கொஞ்சம் பொறு'ன்னு அர்த்தமாம். மடக்கினாத்தான் 'நிறுத்து'. இன்னும் கீழே இறக்கினா 'பொய்'. மார்ல வெச்சா 'செத்துப் போயாச்சு'. எல்லாத்துலயும் அந்த விரல் மடங்கித்தான் இருக்கணும்."

மூடியக்கா முந்தானையை விலக்கினாள். தன் வலது கையைத் தூக்கி டீச்சருக்கு முன்னால் விரித்தாள். நான்கு விரல்கள் நீண்டன. மோதிர விரல் நீளவில்லை. பாதியில் மடங்கி, தோல் சுருங்கி, அப்படியே இருந்தது.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். குழந்தைகளைப் பார்த்தாள். "அய்யோ அக்கா," என்றாள்.

உண்மையில் நடந்தது என்ன? வீரமாவது, மண்ணாங்கட்டியாவது. மூடி ஒன்று மாட்டிக்கொண்டது. மெக்கானிக் டீ குடிக்கப் போயிருந்தான். யார் காத்திருப்பது என்று மூடியக்கா விரலை விட்டு நெம்பினாள். இயந்திரம் நசுக்கிவிட்டது. "அறிவிருக்கா உனக்கு" என்று அன்றைக்கு எல்லாரிடமும் ஏச்சு வாங்கினாள். விரல் அப்புறம் நிமிரவே இல்லை. சிட்டு பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நீட்ட முடியாத விரலோடு அவள் நீட்டிய கையைக் குழந்தை அச்சுப் பிசகாமல் வாங்கிக்கொண்டது. விரல் மடங்குவதும் சேர்த்திதான் வார்த்தை என்று நினைத்துக்கொண்டது. அதைப் பார்த்து அடுத்த குழந்தை. அதைப் பார்த்து அதற்கடுத்தது. யாருடைய விரலோ நசுங்கியது இப்போது யார் யார் கையிலோ சட்டமாகிவிட்டது. ஏன் என்று கேட்ட குழந்தைக்குச் சொல்ல ஒரு கதையும் பிறந்துவிட்டது. ஒரு மனுஷியின் அவசர புத்தியிலிருந்து இவ்வளவு முளைக்குமா? மூடியக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமாகக்கூட இருந்தது. நம்முடைய பேச்சும் நடையும் கும்பிடும் கோபமும் எந்த எந்தக் காலத்து எவரெவருடைய நசுங்கின விரலோ என்று ஒரு நினைப்பு ஓடி, அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசையில் ஒரு பொடிசு எழுந்து நின்று என்னவோ கேட்டது. டீச்சர் சிரித்துவிட்டாள். "அந்தப் பொம்பளை இப்போ எங்கே இருக்கான்னு கேட்குது."

சிட்டு யோசிக்கவே இல்லை. பதில் சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"'எங்க வீட்லதான் இருக்கா. பாத்திரம் கழுவுறா'ன்னு சொல்றா."

பொடிசுகள் நம்பவில்லை. போடி, பொய்யி, என்று கைகளைக் கீழே இறக்கின. சிட்டு கோபம் வந்து எழுந்தாள். எழுந்தபோதுதான் வாசலில் அம்மா நிற்பது கண்ணில் பட்டது. முகம் மலர்ந்தது. அவ்வளவுதான், பாய்ந்து வந்து மூடியக்காவின் வலது கையைப் பிடித்து இழுத்து, எல்லாருக்கும் தெரியும்படி உயரத் தூக்கிக் காட்டினாள்.

அறையே அசையாமல் நின்றது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டார்கள். ஒரு பொடிசு அந்த விரலை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டது. இன்னொன்று கிட்டே வந்து, பூதத்தின் பல் பட்ட இடம் எங்கே என்று கவனமாகத் தேடியது. மூடியக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எப்போதும் முந்தானையில் ஒளித்து வைத்துக்கொள்கிற கை அது.

வெளியே கார் ஹார்ன் அடித்தது. மூடியக்காவுக்கு எதற்காக வந்தோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"டீச்சர்," என்றாள். "இவளை இன்னிக்குப் பட்டணத்து ஸ்கூலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம். அங்கே வாயாலதான் பேசணும். எனக்கு அதை இவளுக்குச் சொல்லத் தெரியலை. நான் தள்ளிவிடலைன்னு சொல்லுங்க. லீவுக்கு இங்கே வந்துடலாம்னு சொல்லுங்க. வேண்டாம்னா... வேண்டாம்னா என்ன சொல்றான்னு கேளுங்க."

டீச்சரின் முகம் வாடியது. ஆனாலும் சிட்டுவின் முன்னால் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த மட்டில், நிதானமாகக் கையால் எல்லாவற்றையும் சொன்னாள். சிட்டு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தாள். நடுநடுவே மற்றக் குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தாள். அவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம்," என்றாள் டீச்சர். "மாமா பை வாங்கிட்டு வந்தப்பவே தெரியுமாம். அந்த ஸ்கூலோட புத்தகத்துல படம் பார்த்தாளாம், பிள்ளைங்க எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சாம். இங்கே வந்து எல்லார்கிட்டயும் சொன்னாளாம். ரெண்டு மூணு நாளா இதைப் பத்தித்தான் எல்லாரும் பேசினாங்களாம். எனக்கே தெரியாதுக்கா."

"பேசி?"

"போறதுல பயமில்லைங்கிறா. அங்கே இருக்கிற பிள்ளைங்களுக்கும் கை இருக்கும்தானே, போர்வைக்குள்ள வெச்சுச் சொல்லிக் குடுத்துடுவேன்ங்கிறா." டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னவள், சட்டென்று நிறுத்தினாள். சிட்டுவின் கைகள் இப்போது வேகம் குறைந்து, கவலையோடு அசைந்தன. டீச்சர் மூடியக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆனா அம்மாவை என்ன பண்றதுன்னுதான் யாருக்கும் தெரியலையாம்."

"என்னையா? எனக்கென்ன?"

"'அம்மாவுக்குக் கொஞ்சம் வார்த்தைதான் தெரியும். சோறு, தூக்கம், வா, நிறுத்து. பாவம். பெருசாப் பேசினா முழிப்பாங்க. அதனால வீட்ல நான் சின்னதா, மெதுவாப் பேசுவேன். ஒவ்வொண்ணா. அப்போதான் அவங்களுக்குப் புரியும். நான் போயிட்டா அவங்ககூட யாரு அப்படிப் பொறுமையா பேசுவாங்க?'"

மூடியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக எதிரே உட்கார்ந்து, சின்னக் கைகளை மெல்ல மெல்ல அசைத்து, அம்மா, பசி, சோறு, நல்லா இருக்கு. அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று இவள் திரும்பி நின்று அழுதாள். அந்தப் பிள்ளையோ அம்மாவுக்குப் பேச்சு வரவில்லையே என்று இரக்கப்பட்டு, தன் கடலையெல்லாம் ஒரு டம்ளரில் மொண்டு மொண்டு ஊட்டியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஐயோ, என்ன பெருமையாகவும் இருந்தது!

ஹார்ன் மறுபடி அடித்தது. அடித்துப் பார்த்து அலுத்துப்போய் அண்ணனே உள்ளே வந்துவிட்டான். "என்னம்மா, தரையில உட்கார்ந்துட்டே? டிரைவர் கிளம்பிடுவேங்கிறான். பிள்ளையைக் கூப்பிடு."

"இன்னிக்கு யாரும் வரலைண்ணே."

"ஏன், என்ன ஆச்சு?"

"பேச்சு வராத ஆளைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலையாம்."

"அதைத்தானே நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்! பேச்சு வராத பிள்ளைக்குத்தானே இந்த ஸ்கூலே—"

"அவ இல்லைண்ணே," என்றாள் மூடியக்கா. "நான்."

அண்ணன் திருதிருவென்று விழித்தான். தங்கையைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்தான். ஒரு பொடிசு பக்கத்தில் இருந்ததிடம் திரும்பி மீசையை முறுக்கிக் காட்டியது. சுத்தமாகச் சவரம் செய்த தன் உதட்டை அவன் ஒன்றும் விளங்காமல் தடவிக்கொண்டான்.

மூடியக்கா நகர்ந்து போய் முன்வரிசையில், பொடிசுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். சிட்டு எதிரே வந்து முட்டி போட்டாள். அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு வழக்கம்போல, மெதுவாக, ஒவ்வொன்றாக, கைகளை அசைத்தாள்: 'அம்மா. அழாதே. வீடு. போகலாம்.'

மூடியக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆலையில் பெல்ட் மந்தமாக ஓடினால் ஆள்காட்டி விரலைச் சுழற்றிக் காட்டுவார்கள், வேகத்தைக் கூட்டு என்று. அதைச் செய்தாள். சிட்டு புரியாமல் பார்த்தாள். மூடியக்கா மறுபடி விரலைச் சுழற்றினாள், இன்னும், இன்னும் என்று.

சிட்டுவின் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. கைகளை உயர்த்தினாள். பேச ஆரம்பித்தாள், முழு வேகத்தில், இத்தனை வருஷமாக வீட்டில் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம்.

மூடியக்காவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.